அடைப் பெட்டியில் அறுபது முட்டை

மெஷினைக் கட்டை வண்டியிலிருந்து இறக்கி வீட்டுக்குள் வைத்ததும் அக்கா அதைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இதுக்கு இன்னாடி தீனி?"

"கிருஷ்ணாயில்" என்றேன்.

"அப்போ நம்மளவிட நல்லாத்தான் சாப்புடும்."

இரண்டு பேரும் சிரித்தோம். மரப்பெட்டி அது. உள்ளே தகரம் அடித்திருந்தது. பக்கவாட்டில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, அதன் சூடு குழாய் வழியாகப் பெட்டிக்குள் போகும். முன்னால் கண்ணாடி வைத்த சின்னக் கதவு, கண்ணாடிக்குப் பின்னால் தெர்மாமீட்டர். மேல் தட்டில் முட்டை, கீழ்த் தட்டில் தண்ணீர். கோழி இல்லாமலே குஞ்சு பொரிக்கும் பெட்டி என்று கேள்விப்பட்டு முதல் நாளே பாதித் தெரு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. எதிர்வீட்டு அம்மா மட்டும் போகும்போது, "கூரை ஏறிக் கோழி புடிக்கத் தெரியாதவ வானம் ஏறி வைகுண்டம் போனாளாம்" என்று காற்றோடு சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னது என்னைத்தான். எனக்குக் கோழி என்றால் பயம், அது ஊருக்கே தெரியும்.

பெட்டி எங்களுடையது இல்லை. கோயிலை ஒட்டியிருந்த கன்னியர் மடத்தினுடையது. எங்கிருந்தோ நன்கொடையாக வந்து மடத்து ஸ்டோர் ரூமில் மூட்டைகளுக்கு நடுவே கிடந்தது. அந்த மடத்துப் பால்வாடியில் நான் காலை வேளையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாள். பெரிய சம்பளம் ஒன்றுமில்லை. ஒரு நாள் தூசி தட்டும்போது அந்தப் பெட்டியைப் பார்த்தேன். பொறுப்பு சிஸ்டரிடம் நச்சரித்து நச்சரித்து, கடைசியில் அவரும் தலையாட்டினார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஏம்மா, நல்லாக் கேட்டுக்கோ. கீழ்புத்துப்பட்டு மாதர் சங்கத்துலயும் இதைக் கேட்டிருக்காங்க. நான் ஒருத்தருக்குத்தான் தர முடியும். முதல் தடவை நீங்க வெச்சுப் பாருங்க. போட்ட முட்டையில பாதி பொரிச்சாப் பெட்டி உங்ககிட்டயே இருக்கட்டும். நம்ம கோயில் பங்குல எல்லா வீட்டு முட்டையையும் உங்க அக்கா பொரிச்சுத் தரட்டும், மடத்துலேர்ந்து மாசாமாசம் சம்பளம் தரோம். பாதிக்குக் கொறைஞ்சா அவங்களுக்குத்தான்."

அறுபது முட்டை வைத்தோம். அப்படியானால் முப்பது குஞ்சு. அந்த முப்பதின் மேல்தான் என் அக்காவின் கால் நின்றுகொண்டிருந்தது.

அதைச் சொல்லியாக வேண்டும். அம்மாவும் அப்பாவும் போனபோது எனக்கு இரண்டு வயது, அக்காவுக்குப் பதினாலு. அந்த வருஷமே அவள் உப்பளத்தில் இறங்கினாள். மரக்காணத்தில் பாத்தி வேலைக்குச் செருப்புப் போட முடியாது. வெறுங்காலால் பாத்தியை மிதித்து மிதித்துத் தரையைக் கெட்டியாக்க வேண்டும். அப்புறம் முழங்கால் வரை உப்பு முற்றிய கெட்டித் தண்ணீரில் நின்று உப்பை வாரி வரப்பில் கொட்ட வேண்டும். அவள் அப்படி நின்றுதான் என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தாள். கல்யாணம் பேசி வந்தவர்களை, "இவளக் கரையேத்திட்டுப் பாத்துக்கலாம்" என்று அனுப்பினாள். கரையேற்றுவதற்குள் அவள் கால் அழுக ஆரம்பித்துவிட்டது.

போன சீசன் முடிவில் இடது பாதத்தில் ஒரு வெடிப்பு. உப்பளத்துக்காரிக்கு வெடிப்பு என்ன புதுசா என்று விட்டுவிட்டாள். மழைக்காலம் முழுக்க அது ஆறவில்லை. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சர்க்கரை இருக்கிறது என்றார் டாக்டர். அவர் அக்காவிடம் பேசவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "இன்னொரு தடவை உப்புத் தண்ணியில இந்தக் கால் பட்டா, கணுக்காலோட எடுக்க வேண்டியிருக்கும். அப்புறம் என்கிட்ட வந்து அழாதீங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் கிளியனூர் தாண்டும்வரை அக்கா காலில் சுற்றிய துணியையே தடவிக்கொண்டு வந்தாள். அப்புறம், "அந்த டாக்டருக்கு சோறு யாரு போடுறாங்க?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று இன்றுவரை தெரியாது.

மாசி மாசம் உப்பளத்து மேஸ்திரி ஆள் எடுப்பார். ஒரு வீட்டுக்கு ஒரு பேர். அன்று பேர் கொடுக்காத வீட்டுக்கு அந்த சீசன் முழுக்க வேலை கிடையாது, அடுத்த சீசனும் சந்தேகம்தான். நாளை எண்ணிப் பார்த்தேன். முட்டை பொரிக்க இருபத்தோரு நாள். ஒரு சனிக்கிழமை வைத்தால் மூன்றாவது சனிக்கிழமை பொரிக்கும். அதற்கடுத்த திங்கட்கிழமை மேஸ்திரி ஆள் எடுக்கிறார். இடையில் ஒரே ஒரு ஞாயிறு. தவறினால் இன்னொரு தடவை வைத்துப் பார்க்க நாள் இல்லை.

முட்டைகளைத் திண்டிவனம் பக்கத்துக் கோழிப்பண்ணையிலிருந்து நானே வாங்கி வந்தேன். வைக்கோல் பரப்பிய கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். குலுங்கினால் முட்டைக்குள் கரு அறுந்துவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த ரோடு எப்படிப்பட்ட ரோடு தெரியுமா? பெருமுக்கல் தாண்டுவதற்குள் நான் மூன்று தடவை டிரைவரைத் திட்டிவிட்டேன். கண்டக்டர், "இன்னாம்மா, கூடையில கொழந்தையா வெச்சிருக்க?" என்றார். "ஆமா, அறுபது" என்றேன். அதற்குப் பிறகு அவர் என் பக்கம் வரவில்லை.

பெட்டியோடு ஒரு இங்கிலீஷ் காகிதமும் வந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். சூடு நூற்றிரண்டு டிகிரி இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை முட்டையைத் திருப்ப வேண்டும். கீழ்த் தட்டில் தண்ணீர் வற்றவே கூடாது. கடைசி மூன்று நாள் திருப்பவும் கூடாது, கதவைத் திறக்கவும் கூடாது.

மூன்று தடவைக்கு எங்களுக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. கோயிலில் காலை, மதியம், மாலை என்று மூவேளை மணி அடிக்கும். அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டே திருப்புவோம். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் சிலுவை, மறு பக்கம் வட்டம் போட்டிருந்தேன். காலை மணிக்குச் சிலுவை மேலே வந்தால் மதிய மணிக்கு வட்டம் மேலே வரும். எதைத் திருப்பினோம் எதை விட்டோம் என்ற குழப்பமே இல்லை. மதிய மணிக்கு நான் பால்வாடியில் இருப்பேன், அதனால் அது அக்காவின் பொறுப்பு. பாதத்தில் துணி சுற்றிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, உதடு அசைய அசைய அறுபதையும் திருப்புவாள்.

தண்ணீர்தான் எங்களுக்குப் பெரும்பாடு. எங்கள் தெருவில் எங்கே தோண்டினாலும் உப்புத்தான். நல்ல தண்ணீருக்கு மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊத்துக்குழிக்குப் போக வேண்டும். போக ஒரு மைல், வர ஒரு மைல். அக்காவால் நடக்க முடியாது, நான்தான் போவேன். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று இரண்டு குடம். அதில் காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு கீழ்த் தட்டில் ஊற்றுவதைப் பார்த்து அக்காவுக்கு வயிறு எரிந்தது.

"எதுக்குடி தண்ணி? முட்டை குடிக்கவா போவுது?"

"சொன்னா உனக்குப் புரியாது. ஊத்தணும்னா ஊத்தணும்."

"ஓகோ, படிச்சவங்க!" என்றாள். அவளுக்கு ஒரு பழமொழி எப்போதும் தயாராக இருக்கும். "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஈரப்பதம் என்ற சொல்லை அகராதியில் தேடிக் கண்டுபிடித்த பெருமையில் இருந்தேன் நான். உட்கார வைத்து இரண்டு நிமிஷம் விளக்கிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஏழாம் நாள் ஜன்னலுக்குப் போர்வை கட்டி அறையை இருட்டாக்கினோம். டார்ச் முனையில் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்தேன். உயிர் பிடித்த முட்டைக்குள் சிவப்பாகச் சின்னச் சின்ன நரம்பு ஓடும், நடுவில் ஒரு புள்ளி துடிக்கும். முதல் முட்டையில் அதைப் பார்த்ததும் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "மாதாவே, ஓடுதுடி!" என்றாள். எட்டு முட்டை கூமுட்டை. மீதி ஐம்பத்திரண்டிலும் உயிர் ஓடியது. முப்பது போதும் என்று இருந்தவர்களுக்கு ஐம்பத்திரண்டு! அன்று ராத்திரி அக்கா மூன்று மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். மேஸ்திரி வந்தால் என்ன பதில் சொல்வது என்று எனக்கு நடித்தும் காட்டினாள். "போய்யா, எனக்கு ஐம்பது புள்ள இருக்குது, நேரம் இல்ல" என்று இடுப்பில் கை வைத்துச் சொன்னாள்.

பன்னிரண்டாம் நாள் அடித்த காற்றை மறக்க முடியாது. பால்வாடியிலிருந்து வருகிறேன், வாசலிலேயே மண்ணெண்ணெய் நாற்றம். கடல் காற்று தட்டியைப் பிய்த்து விளக்கின் மேல் போட்டிருக்கிறது. சிம்னி தூள் தூளாகக் கிடந்தது, தீ அணைந்திருந்தது. அக்கா உடைசலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தெர்மாமீட்டரைப் பார்த்தேன், தொண்ணூற்று மூன்று. சிம்னி இல்லாமல் அந்த விளக்கை ஏற்ற முடியாது. கடைத்தெருவுக்கு ஓடினேன். இரண்டு கடை மதியச் சாப்பாட்டுக்குச் சாத்தியிருந்தது. மூன்றாவது கடையில் இருந்த சிம்னி பொருந்தவில்லை. கெஞ்சி, சண்டை போட்டு, கடைக்காரர் வீட்டு விளக்கிலிருந்தே கழற்றி வாங்கிக்கொண்டு வந்தேன். போய்வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. எல்லாம் செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன்.

அக்கா அடுப்படியில் உட்கார்ந்து இரும்புச் சட்டியில் கல்லுப்பு வறுத்துக்கொண்டிருந்தாள். வறுத்த உப்பைப் பழைய துணியில் முடிச்சுக் கட்டி, பெட்டிக்குள் நாலு மூலையிலும் வைத்திருந்தாள். ஒவ்வொரு முடிச்சையும் வைப்பதற்கு முன்னால் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள். சூடு ஆறினதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாள். தெர்மாமீட்டர் நூறில் நின்றது.

"சுளுக்குக்கு ஒத்தடம் கொடுக்கலையா? அந்த மாதிரிதான். உப்பு ஒரு தடவ சூடு புடிச்சா லேசுல விடாதுடி" என்றாள்.

அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். பதினாலாம் நாள் மறுபடி டார்ச் வைத்துப் பார்த்தபோது நாலு முட்டைதான் போயிருந்தது. நாற்பத்தெட்டு உயிரோடு இருந்தது. அத்தனையையும் காப்பாற்றினது அவள். அன்றைக்கு அவள், "தண்ணியையும் இனிமே நானே பாத்துக்கறேன், நீ வேலைக்குப் போ" என்றபோது சரி என்று விட்டுவிட்டேன். எப்போது கேட்டாலும், "தட்டு ரொம்ப இருக்குது" என்பாள். தட்டு ரொம்பத்தான் இருந்தது.

பதினெட்டாம் நாள் கடைசித் தடவையாகத் திருப்பிவிட்டுக் கதவைச் சாத்தினோம். காகிதத்தில் கோடு போட்டு எழுதியிருந்தது, திறக்காதே என்று. அக்காவிடம் அதைக் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் அந்தக் கோட்டைப் பார்த்துத் தலையாட்டினாள்.

இருபத்தோராம் நாள் சனிக்கிழமை விடியும்போதே பெட்டிக்குள் சத்தம் கேட்டது. காதை வைத்துக் கேட்டோம். கீச் கீச் என்று ஓட்டுக்குள்ளிருந்தே கூப்பிட்டன. கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒரு முட்டையில் சின்னக் கீறல், அதில் மூக்கு நுனி. காலை மணி அடிப்பதற்குள் ஒன்பது முட்டையில் கீறல் விழுந்தது. மதிய மணிக்குள் முப்பதுக்கு மேல். அக்கா எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எனக்கு வாய் சும்மா இருக்காதே. "வைகுண்டம் தெரியுதா பாருங்க" என்றேன்.

மதியம் தாண்டியது. இரண்டு குஞ்சு வெளியே வந்து தள்ளாடின. மற்றதெல்லாம் கீறலோடு அப்படியே இருந்தது. சாயங்காலம் மூன்றாவது வந்தது. மற்றவை எல்லாம் மூக்கை நீட்டிக் கத்திக்கொண்டே இருந்தன, ஓடு மட்டும் மேற்கொண்டு உடையவில்லை. திறந்து பார்க்கலாமா என்று அக்கா கேட்டாள். கூடாது என்றேன். அரை மணிக்கு ஒரு தடவை கேட்டாள், அரை மணிக்கு ஒரு தடவை நான் அந்தக் காகிதத்தை நீட்டினேன். கத்தல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. களைத்துத் தூங்குகிறது போல என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு மணி அடித்தது. நாங்கள் போகவில்லை. பெட்டிக்குள் ஏழெட்டுக் குரல்தான் கேட்டது. போதும் இந்தக் காகிதம் என்று கதவைத் திறந்தேன்.

கீறல் விட்ட முட்டை ஒன்றை எடுத்தேன். ஓட்டுக்கும் குஞ்சுக்கும் நடுவே இருக்கும் சவ்வு ஈரமாக, வழுக்கலாக இருக்க வேண்டும். இது காய்ந்துபோய்க் காகிதம் மாதிரி குஞ்சின் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. குஞ்சு திரும்ப முடியாமல் அதற்குள் மாட்டியிருந்தது. தண்ணீர் இருக்கும்போது எப்படிக் காயும்? கீழ்த் தட்டை இழுத்தேன். தட்டு நிறையத்தான் இருந்தது. ஆனால் மேலே வெள்ளையாக ஏடு படிந்து, விளிம்போடு விளிம்பு சேர்ந்து மூடியிருந்தது. விரலால் குத்தினேன். நொறுங்கி உள்ளே போனது. நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு.

"அக்கா, இதுல என்ன தண்ணி ஊத்தின?"

"அளத்துத் தண்ணிதான். வீட்டுக்குப் பின்னால வாய்க்கால்ல கட்டி வெச்சிருக்கறாங்களே, அந்தக் கெட்டித் தண்ணி. எவ்ளோ வேணும்னாலும் கெடக்குதே." என் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "சூட்டுல ஆவியாவத்தானே தண்ணி ஊத்தறது? பாத்தியில விட்ட தண்ணி பத்து நாள்ல காணாமப் பூடுது. அதவிட வேகமா எந்தத் தண்ணிடி ஆவியாவும்?"

அவள் பதினெட்டு வருஷம் கண்ணால் பார்த்த நியாயம் அது. வெயிலும் காற்றும் அடிக்கிற பாத்தியில் அந்தத் தண்ணீர் வற்றத்தான் செய்யும். மூடின பெட்டிக்குள் வெயில் ஏது, காற்று ஏது? கொஞ்சம் வற்றியதும் மேலே உப்பு ஏடு கட்டியிருக்கிறது. ஏடு கட்டியபின் அதற்குக் கீழே இருந்த தண்ணீரிலிருந்து ஒரு பொட்டு ஈரம்கூட மேலே வரவில்லை. தட்டு நிறையத் தண்ணீர் இருந்தும் குஞ்சுகள் ஈரமில்லாமல் காய்ந்திருக்கின்றன.

இதெல்லாம் எனக்கு அந்த நிமிஷத்தில் புரிந்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "நீ உப்புலயே கெடந்து சாவு! உனக்கு அதான் லாயக்கு!" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அக்கா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "ரெண்டு குடம் தூக்கிட்டு வந்து நீ கழுத்தத் தடவிக்கினு நிக்கற. அதுல ரெண்டு சொம்ப இதுல ஊத்திட்டு மறுபடியும் போற. என்னால பாக்க முடியலடி" என்றாள்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது. அதற்கு நேரமும் இல்லை, பெட்டிக்குள் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. ஒரு குடம் நல்ல தண்ணீரை அப்படியே அடுப்பில் ஏற்றி வெதுவெதுப்பாக்கினோம். பஞ்சைத் தண்ணீரில் முக்கி, காய்ந்த சவ்வின் மேல் ஒற்றி ஒற்றி ஊற வைத்து, ஓட்டைத் துணுக்குத் துணுக்காகக் கிள்ளி எடுத்தோம். அவசரப்பட்டால் சவ்விலிருக்கும் நரம்பு அறுந்து ரத்தம் வரும். ரத்தம் வந்த குஞ்சு கையிலேயே தலையைத் தொங்கப் போட்டுவிடும். என் கை நடுங்கியதில் முதல் மூன்றும் அப்படிப் போயின. பிறகு அக்கா என் கையிலிருந்து பஞ்சை வாங்கிக்கொண்டாள். அவள் விரல் முழுக்க வெடிப்பு. ஆனால் நடுக்கம் இல்லை. காலை முழுக்க, மதியம் முழுக்க அவள் நிமிரவே இல்லை. உயிரோடு வந்த ஒவ்வொன்றையும் சேலை முந்தானையில் ஒற்றி என்னிடம் நீட்டுவாள். "பதினொண்ணு" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "பன்னண்டு" என்பாள். சில முட்டையை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைப்பாள்.

சாயங்காலம் சிஸ்டர் வந்தார். கூடைக்குள் கை விட்டு எண்ணினார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். இரண்டு தடவை எண்ணினதற்காக இன்றைக்கும் எனக்கு அவர்மேல் பிரியம் உண்டு. இருபத்து மூன்று. முப்பதுக்கு ஏழு குறைவு.

"சிஸ்டர், இன்னொரு தடவை..." என்று ஆரம்பித்தேன்.

"அவங்ககிட்ட வாக்குக் கொடுத்துட்டேம்மா. நாளைக்கு வண்டி வரும்." அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "குஞ்சு எல்லாத்தையும் நீங்களே வெச்சுக்கோங்க. வளத்து முட்டை விட்டதும் மடத்து ஹாஸ்டலுக்குக் கொடுங்க, நாங்க வாங்கிக்கறோம்."

முட்டை விட ஐந்து மாதம் ஆகும். ஐந்து மாதம் எதைச் சாப்பிடுவது, குஞ்சுக்கு எதைப் போடுவது? அக்கா பழைய சைக்கிள் டியூபை எடுத்து வந்து, பாதத்தின் அளவுக்கு வெட்டி, கயிறு கோத்து வைத்தாள். "புண்ணு மேல இதக் கட்டிக்கினா தண்ணி படாது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். முழங்கால் தண்ணீரில் டியூப் துண்டு என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாதா?

திங்கட்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே அளத்துக் கொட்டகை முன்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். மேஸ்திரி ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அக்கா முன்னால் நின்றாள், நான் பின்னால் நின்றேன். துணைக்கு வந்திருக்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவள் முறை வந்தது. அவர் நிமிர்ந்து அவள் காலில் கட்டியிருந்த டியூபைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, முடியுமா?" என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் போய் என் பேரைச் சொன்னேன்.

மேஸ்திரி சிரித்துவிட்டார். "பள்ளிக்கூடத்துப் புள்ளைக்கு இங்க இன்னா வேலை?"

"எங்க வீட்டுப் பேரு இது. அவளுக்குப் பதிலா நான் எறங்கறேன். எழுதுங்க."

பளீரென்று கன்னத்தில் விழுந்தது. அக்கா என்னை அடித்தது அதுதான் முதல் தடவை, அதுதான் கடைசியும். "இதுக்காடி உன்னப் படிக்க வெச்சேன்? இதுக்காடி?" என்றாள். அவள் குரல் அவள் குரலாகவே இல்லை.

"இன்னும் ரெண்டு அடி அடிச்சுக்கோ" என்றேன். "நேத்து நான் சொன்னதுக்கும் சேத்து அடிச்சுக்கோ. ஆனா இந்தக் காலோட நீ உள்ள எறங்கினா, நானும் கூடவே எறங்குவேன். அப்போ வீட்டுல அந்த இருபத்து மூணையும் யாரு பாக்கறது, நீயே சொல்லு."

"சீக்கிரம் சொல்லுங்கம்மா, பின்னால ஆள் நிக்குது" என்றார் மேஸ்திரி. "யாரு பேரை எழுத?"

மேஸ்திரி பேனாவை இரண்டு தடவை உதறினார். கடைசியில் அக்கா, "அவ பேரையே எழுதிக்கங்க" என்றாள். சொல்லிவிட்டுக் குனிந்து, நான் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

வரப்பில் எனக்கு முன்னால் போன பெண்கள் ஒவ்வொருவராகப் பாத்திக்குள் இறங்கினார்கள். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கால் வைத்தேன். குதிகால் வெடிப்பில் ஏறிய எரிச்சல் தொடை வரை போனது, கண்ணில் தண்ணீர் முட்டியது. திரும்பிப் பார்த்தேன். அக்கா இன்னும் வரப்பிலேயே நின்று என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷத்தில் இப்படி எரியும் என்று அவள் ஒரு நாள்கூட என்னிடம் சொன்னதில்லை.